அஞ்சரை மணிக்கு நீ கொட்டிய மழை

நேற்று ஜாசின் போகும் சாலையில் எங்கள் காருக்கு முன்னால் ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று போனது. மகள் உடனே கண்ணாடியை ஏற்றினாள். நான் இறக்கச் சொன்னேன். "அம்மா, நாத்தம் மண்டைய பொளக்குது லா" என்றாள். பொளக்கட்டும் என்றேன். ரப்பர்ப் பாலின் அந்தப் புளித்த நாற்றத்தில்தான் நீயும் நானும் பல் முளைத்துப் பெரியவர்கள் ஆனோம். லாரி திரும்பிப் போகும்வரை மூக்கை விரித்து வைத்துக்கொண்டு உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். நீ போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்தேன். உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமே இல்லை. ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

ரப்பர்த் தோட்டத்தின் ஒரே லயத்து வீடுகளில், சுவருக்குச் சுவர் பிறந்தவர்கள் நாம். நீ ஆறாம் வகுப்போடு நின்றாய், நான் ஐந்தாம் படிவம் வரை போனேன். எனக்கு மலாக்கா வானிலை ஆபீஸில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆகி புக்கிட் பெருவாங் பக்கம் குடிவந்தேன். நீ தோட்டத்திலேயே தங்கிவிட்டாய். பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன் தூக்கிவந்து விடும் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டாய். என்னை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதை மறந்தே போனேன். 'ஆபீஸ்காரி' என்றுதான் கூப்பிட்டாய். அதில் பாதி பெருமை, பாதி குத்தல்.

அந்த ஆயாக்கொட்டகை முற்றத்தில் செம்பால் செய்த மழைமானி ஒன்று நின்றது. உள்ளே விழும் மழையைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி அளந்து ஏட்டில் எழுதவேண்டும். மாதக் கடைசியில் அந்த ஏட்டின் நகல் எங்கள் ஆபீஸுக்கு வரும். அளந்துகொண்டிருந்த தோட்டத்துக் கணக்கர், பழைய கிராணி, ஓய்வு பெற்றபோது உன் பெயரைச் சொன்னது நான்தான். "என்னை நம்பி இந்தச் செம்ப என் தலையில கட்டுற, பாத்துக்க" என்றாய். அன்றிலிருந்து அதற்குப் பெயர் செம்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போதுதான் எங்கள் ஆபீஸுக்கு ஒரு புது ஞானம் பிறந்திருந்தது. வானிலையைக் கணித்து வைத்தால் மட்டும் போதாது, மக்களிடம் கொண்டுபோகவேண்டும் என்றார்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நான் பேச்சில் கெட்டிக்காரி. இடி மின்னலின்போது மரத்தடியில் நிற்காதீர்கள், ஈரக் கம்பிவேலியைத் தொடாதீர்கள் என்று கோயில் மண்டபத்தில் நான் பேசினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். லூபோக் சீனாவிலிருந்து இந்தப் பக்கம் ஜாசின்வரை ஒரு தோட்டம் பாக்கி வைக்கவில்லை. மழையை அளப்பது எப்படி என்று தமிழில் ஒரு தாளும் எழுதி அச்சடித்துக் கொடுத்தேன். தினமும் காலையில் அளக்கவும், அளந்ததும் கொட்டிவிடவும், மறக்காமல் எழுதவும். மூன்றே வரி. அதை நீ ஆயாக்கொட்டகைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாய்.

ஐந்து வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அக்கம்பக்கத்து நாடுகளின் வானிலைத் துறைகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. அவரவர் மழைக் கணக்கை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது என்று பேச்சு. நியாயம்தானே, மேகம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா வருகிறது? சுமத்ரா பக்கம் நள்ளிரவில் எழும் மேகம் கடல் தாண்டி விடியற்காலையில் நம் தகரக்கூரையில் வந்து கொட்டும். எந்த மழைமானியின் கணக்கை நம்பலாம், எதைக் கழித்துவிடலாம் என்று பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இந்தோனேசியர், நம்மைப்போல குள்ளமாகக் கருப்பாக, எப்போதும் சிரித்த முகம். மற்றவர் ஆஸ்திரேலியப் பெண்மணி, நெடுநெடுவென்று உயரம், சிரிப்பு கொஞ்சம் பஞ்சம்.

அந்த அம்மாள் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தார். சுற்றியிருந்த நாலு தோட்டத்திலும் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிய நாட்களில் உன் ஏட்டில் மட்டும் சுழி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதத்துக்குப் பல நாள். "இவர் அளப்பதே இல்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று நினைக்கிறேன்" என்றார். எங்கள் அதிகாரி என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைதான் வலித்தது, ஏனென்றால் நீ என் ஆள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். ஒரு ராத்திரி முழுக்கச் சந்தேகப்பட்டேன். பிள்ளைகள் கத்துகிற கத்தலில் அவளுக்கு அளக்க எங்கே நேரம், ஏதோ எழுதித் தள்ளியிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? உனக்குப் போன் போட்டு, "வெளிநாட்டுக்காரங்க உன் கணக்கப் பாக்க வராங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு வருகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. உனக்கு ஏதோ பாராட்டு என்று நினைத்துக்கொண்டாய்.

நாங்கள் வேனில் வந்து இறங்கியபோது நீ தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையில் நின்றாய். கேசரி கிண்டி வைத்திருந்தாய். முற்றத்துப் பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்திருந்தாய். இறங்காமல் அப்படியே வேனில் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

அந்த அம்மாள் முதலில் செம்பைச் சோதித்தார். ஓட்டை உண்டா, சாய்ந்து நிற்கிறதா, மரக்கிளை மறைக்கிறதா என்று முழங்காலிட்டுப் பார்த்தார். ஒரு குறை இல்லை. இப்படிப் பளபளவென்று வைத்திருப்பதை எங்கும் பார்த்ததில்லை என்றார். புளி போட்டு விளக்குகிறாய் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் மூன்று மணிக்கு வழக்கமான மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து மழை தெரியுமே, வந்தால் வந்ததுதான். எல்லாரும் ஆயாக்கொட்டகைக்குள் ஒதுங்கினோம். ஐந்து மணிபோல மழை விட்டது. கடைசிப் பிள்ளையையும் தாய் வந்து தூக்கிக்கொண்டு போனாள். நீ எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாய்.

அப்போதுதான் அது நடந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய், அஞ்சரை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாய். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, செம்புக்குள்ளிருந்த மழையை அப்படியே எடுத்து மிளகாய்ச்செடிக்கு ஊற்றினாய். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. உள்பக்கத்தைத் துணியால் துடைத்தாய், மேல் புனலைத் திரும்பப் பொருத்தினாய், கையை உதறிக்கொண்டு வந்து "இன்னும் கொஞ்சம் டீ?" என்றாய்.

அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். என்ன செய்தாய் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தினம் செய்றதுதான். பகல் மழைய சாயங்காலம் கொட்டிருவேன். இல்லாட்டி ராத்திரி மழையோட கலந்துரும் லா. விடிகாலையில பிரட்டுக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறதுக்கு முன்னால, வேலை வாங்குற மண்டோர் வந்து, ராத்திரி எவ்வளவுன்னு கேப்பாரு. நான் சொல்றத வெச்சுத்தான் மரப்பட்டை ஊறியிருக்குமா, இன்னிக்கு வெட்டு உண்டா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க. பகல் மழை யாருக்கு வேணும்? அதுக்குள்ள பால் எடுத்து முடிச்சாச்சே. பழைய கிராணியும் இப்பிடித்தான் செஞ்சாரு."

நீ ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. ஐந்து வருஷமாக, ஒரு நாள் விடாமல், ராத்திரி மழையை மட்டும் சுத்தமாகப் பிரித்து அளந்திருக்கிறாய். தோட்டத்துக்கு மழை என்றால் வேலையை நிறுத்துகிற மழைதான். வானிலை ஆபீஸுக்கு மழை என்றால் எல்லா மழையும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் மூன்று வரித் தாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதை ஏன்டீ முன்னாலயே சொல்லல?" என்றேன்.

உன் முகம் மாறியது. "யாரு கேட்டா? நீ கேட்டியா? தாள் தாளா அனுப்புற, மைக்கப் புடிச்சு மணிக்கணக்கா பேசுற. ஒரு நாளு அஞ்சரை மணிக்கு இங்க வந்து நின்னு பாத்தியா?"

அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அதிகாரியும் பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் என் பேச்சு, என் தாள், என் ஐந்து வருஷப் பெருமை எல்லாம் அந்த மிளகாய்ச்செடிக்கடியில் போகும். நான் வாயைத் திறந்தேன். என் அறிவுரை இவருக்குச் சரியாகப் புரியவில்லையாம், தவறு தன்னுடையதுதானாம், மன்னிப்புக் கேட்கிறாராம் என்று சொன்னேன். நாக்கு கூசவில்லை. எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா?

உனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்தேன். 'மிஸ்டேக்', 'சாரி' இரண்டும் தெரியாதவர்கள் நம் நாட்டில் யார் இருக்கிறார்கள்? என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு என்னை அப்படியே தாண்டி அந்த இந்தோனேசியரிடம் திரும்பினாய். அவருக்கு மலாய் புரியும் என்பதை நான்தான் மறந்துபோயிருந்தேன். "சாயா ஃபாஹம், என்சிக். டியா ஓராங் தாக் பெர்னா தாஞா" என்றாய். எனக்குப் புரியும் ஐயா, இவங்கதான் ஒரு நாளும் கேட்டதில்ல. சத்தம் போடாமல், தலையை நிமிர்த்திச் சொன்னாய்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். உன்னை அம்மா என்ற பொருளில் 'இபு' என்று அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணிக்கு அளப்பாய், எத்தனை மணிக்குக் கொட்டுவாய், என்றைக்காவது மறந்தது உண்டா. நீ பதில் சொன்னாய். அப்புறம் அவர் சிரித்துக்கொண்டே அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நான் மாற்றிச் சொன்னதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டார், நல்ல மனிதர். அவர் ஊரில் காபித் தோட்டத்துக்காரர் ஒருவர், தவளை விழுகிறது என்று ராத்திரியெல்லாம் மழைமானியைத் தட்டுப் போட்டு மூடி வைத்தாராம். கேட்டதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நாட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அளக்காமல் திங்கட்கிழமை சேர்த்து எழுதுகிற பண்ணைக்காரர்கள் உண்டாம். மாநாட்டு மண்டபங்களில் நாடுகள் கைகுலுக்கிக்கொள்வதைப் பிறகு எத்தனையோ முறை பார்த்தேன். உன் பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் ஊர்க் கோளாறைச் சொல்லிச் சிரித்தார்களே, அன்றுதான் அவர்கள் உண்மையில் கூட்டாளிகள் ஆனார்கள் என்பது என் கட்சி.

திரும்பும் வழியில் வேனில் அந்த இந்தோனேசியர் உன் ஏட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தார். சுமத்ராவிலிருந்து ராத்திரி கடல் தாண்டி வரும் மழையைத் தனியாக அளந்த கணக்கு கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தாராம். எங்கள் அதிகாரிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் மூக்கு உடைந்த கோபம் அவருக்கு. "அளந்தவரின் தவறு என்று எழுதி அந்த நிலையத்தை நீக்கிவிடுங்கள்" என்று என்னிடம் சொன்னார். அறிக்கை எழுதுவது என் வேலை. எழுதினேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை டைப் அடித்து, அனுப்பாமல் என் மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்தாய், உள்ளே வா என்று சொல்லவில்லை. நானாகத்தான் வந்து உட்கார்ந்தேன். செம்பைப் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்பது எங்கள் வேன் டிரைவர் வாயிலாக உனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தோட்டத்தில் எதுதான் மறைந்து நிற்கும்? கொட்டகையில் பிள்ளை விட வரும் பெண்கள், "பொய்க் கணக்கு எழுதினியாமே" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் உடைந்தது. மன்னிச்சிரு என்றேன். நீ கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாய். கடைசித் தண்டையும் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாய்.

"உன் வேலைக்கு ஆபத்துன்னு பயந்துட்ட. எனக்குத் தெரியாதா? என் காதுல ரகசியமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தப்பு என்னுதுதான்னு நானே எல்லார் முன்னாலயும் சொல்லியிருப்பேன் லா. உனக்காகச் சொல்ல மாட்டேனா? என்னைக் கேக்காம என் வார்த்தைய எடுத்துக்கிட்ட பாரு, அதான் எனக்கு ஆறல."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரம்மா என் மடியில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் அந்த அறிக்கையைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். இந்த நிலையத்தின் கணக்கு உண்மையானது, இது ராத்திரி மழையின் கணக்கு மட்டும், அளந்தவர் தோட்டத்தின் தேவைக்கேற்ப மிகுந்த ஒழுங்கோடு அளந்திருக்கிறார், எப்படி அளக்கிறீர்கள் என்று எங்கள் தரப்பில் ஒருமுறையும் கேட்கவில்லை, கேட்காதது என் தவறு என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். உன் பெயரையும் முழுசாக, உன் அப்பா பெயரோடு எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, "இது மூன்று நாட்டுக்குப் போகிறது, தெரியுமல்லவா?" என்றார். "தெரியும், துவான். அதனால்தான் எழுதினேன்" என்றேன். முனகினார், அப்புறம் கையெழுத்துப் போட்டார். அவரும் கெட்டவர் இல்லை.

அந்தத் தாளை எடுத்துவந்து ஆயாக்கொட்டகை வாசலில் உட்கார்ந்து உனக்குத் தமிழில் வாசித்தேன். பிள்ளை விட வந்த பெண்களும் நின்று கேட்டார்கள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். முடித்ததும் "இன்னொரு தரம் வாசி" என்றாய். வாசித்தேன். அவ்வளவுதான், உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாய். செம்பு அங்கேயே நின்றது. அன்றிலிருந்து காலையில் ஒன்று, அஞ்சரைக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு எழுதினாய். பின்னால் காட்டுத்தீப் புகைமூட்டம் வந்து நாடே கண் எரிந்து கிடந்த வருஷத்தில், கடலுக்கு அப்பாலிருந்து அந்த இந்தோனேசியர் ஆபீஸுக்கு அனுப்பிய ஃபேக்ஸ்களின் கடைசி வரியில் ஒரே கேள்விதான் இருக்கும். அந்த இபு ஊரில் மழை பெய்ததா? உன்னிடம் சொன்னால், "அவருக்கு வேற வேல இல்லியா" என்பாய், ஆனால் முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கூட்டங்களுக்குப் போனேன், எத்தனையோ நாட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்த்தேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நான் பேசுவதில்லை. நீங்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள், காட்டுங்கள் என்பேன். மலாக்காக் கடலோரத்தில் ஒரு மீனவர், வெளிநாட்டு விருந்தினர்களை வைத்துக்கொண்டு எங்கள் புயல் எச்சரிக்கையைக் கண்டபடி திட்டினார். ஒரு வசவு விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி என் காலை மிதித்த மிதியில் நகம் கறுத்தது. அந்த வருஷமே எச்சரிக்கையை மீனவர் பேசும் பேச்சில் மாற்றி எழுதினோம். என் வேலையை நான் நன்றாகவே செய்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பிறகு, இந்த வருஷம், ஆஸ்பத்திரி. உன் கட்டிலருகே அந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். உனக்குப் புரியாது என்று நினைத்தார் போல, குரலையும் தாழ்த்திக்கொண்டார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, சில வாரங்கள் இருக்கலாம் என்றார். நீ என் கையைப் பிடித்தாய். "என்ன சொல்றாரு?" என்று கேட்டாய். உன் மகன் எனக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. அந்தப் பழைய சரளம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

நான் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சில வாரம் என்பதையும் சொன்னேன். நீ போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாய். பிறகு, "டாக்டருகிட்ட டேங்க்ஸ் சொல்லு. இப்பத்தான்டீ நீ ஒழுங்கா மொழி பேத்துச் சொல்ற, ஆபீஸ்காரி" என்றாய். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழும்போதும் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?